கடைசி றீலில் கலியாணம்

"ஐயா, நீங்கள் எத்தினை உலகப் படங்களை ரசிச்சுப் பாத்திருப்பியள்!" என்று எங்கள் ஊர்த் திரைப்பட வட்டத்தின் செயலாளர் என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு கேட்டார். எனக்கு வந்த எரிச்சலை மறைக்க, தேத்தண்ணி போடும் சாட்டில் குசினிக்குள் போகவேண்டியதாயிற்று. படம் ஓட்டுகிறவன் படம் பார்க்கிறான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? மெசின் அறையில் எனக்கு இருந்த துவாரம் உள்ளங்கை அகலம். அதனூடாக நான் பார்த்ததெல்லாம் திரையில் வெளிச்சம் மங்குகிறதா, ஓரம் மஞ்சளடிக்கிறதா என்பதைத்தான். கதாநாயகி அழுதால் எனக்கென்ன, வெளிச்சம் தருகிற கரிக்குச்சி தேய்ந்தால்தான் எனக்கு அழுகை வரும்.

செயலாளர் நல்ல பிள்ளைதான். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். உலகத்தில் கவனிக்கப்படாமல் போன நல்ல படங்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம், அதற்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டுமாம். கையில் கொண்டுவந்த வெளிநாட்டுச் சஞ்சிகையை விரித்து ஒரு படத்தைக் காட்டினார். ஜன்னலோரம் ஒரு பெண் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்டவுடன் என் வலது தோள் வலித்தது.

"இந்தப் படம் உலகச் சண்டைக் காலத்தில உங்கட தியேட்டரில ஓடினதெண்டு கேள்விப்பட்டம். உண்மையோ ஐயா?"

"ஓம், ஓடினது."

"அந்தக் காலத்தில இதை விளங்கி ரசிச்சவை ஆரும் இஞ்ச இருந்தவையோ?"

அந்தக் கேள்வியில் ஒரு பரிதாபம் இருந்தது. மீனும் கப்பலும் தவிர வேறொன்றும் தெரியாத ஊருக்கு இப்படியொரு படம் வந்து வீணாய்ப் போயிற்றே என்ற பரிதாபம். அவருக்கு வாயால் பதில் சொல்லப்போனால் ஏசிவிடுவேன் என்று பயந்துதான் எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் துறைமுகப் பட்டறையில் இரும்பு ஒட்டுகிற வேலை பார்த்தவன். கரிக்குச்சி இரண்டுக்கும் நடுவே எரிகிற வெளிச்சத்தைக் கண்டு பயப்படமாட்டேன் என்ற ஒரே தகுதிக்காக என்னைத் தியேட்டருக்கு எடுத்தார்கள். படம் ஓட்டப் பழகிய கதையில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தரம் கையைச் சுட்டேன், ஒரு தரம் மீசையைச் சுட்டேன், அதன்பிறகு மீசை வைக்கவில்லை.

யப்பான்காரன் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டபோது பாதி ஊர் கந்தளாய்ப் பக்கம் ஓடியது. சில மாதங்களில் பயம் தெளிந்து திரும்பியும் வந்தது. அதற்குள் எங்கள் பேசும்பட மெசினில் சத்தம் எடுக்கிற வால்வு எரிந்துபோயிருந்தது. கொழும்பைக் கேட்டால் பம்பாயைக் கேள் என்றார்கள். பம்பாயைக் கேட்டால் லண்டனைக் கேள் என்றார்கள். லண்டனில் அவர்களே குண்டுக்குப் பயந்து நிலத்துக்குக் கீழே இருந்தார்கள். கடைசியில் பின்கட்டில் கிடந்த பழைய ஊமைப்பட மெசினைத் தூசி தட்டி ஏற்றினோம். அது கையால் சுற்றுகிற மெசின். கொழும்பில் யாரோ ஒருவரின் களஞ்சியத்தில் யாரும் கேளாமல் கிடந்த ஊமைப் படங்கள் ரயிலில் வந்து இறங்கின. எந்தெந்த நாட்டுப் படங்களோ. பனி பெய்கிற படம், பாலைவனப் படம், தொப்பி போட்டவர்கள் படி ஏறி இறங்குகிற படம். இன்றைக்குச் செயலாளர் தேடித் திரிகிற உலகப் படங்கள் எல்லாம் எங்கள் தியேட்டர் வாசலில் சோடாப் பெட்டிகளோடு அடுக்கிக் கிடந்தன. நாங்கள் அவற்றைச் சபித்துக்கொண்டே ஓட்டினோம்.

இருட்டடிப்புச் சட்டத்தால் இரவுக் காட்சி இல்லை, பின்னேரக் காட்சி மட்டும்தான். ஒரு மெசின் என்றபடியால் ஒவ்வொரு றீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டும்வரை சனம் சோடா குடிக்கும். மாட்டுகிற ஒழுங்கு சொல்கிறேன். மண் வாளி வலப்பக்கம், நனைத்த சாக்கு இடப்பக்கம். பட நாடாவை மெசினின் வாசலுக்குள் விட்டு, பல்லில் சரியாகக் கொளுவி, விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவேண்டும். கரியை மூட்டி வெள்ளை வெளிச்சம் நிலைத்தபிறகு, கை சுற்றத் தொடங்கிய பின்னர்தான் வெளிச்சத்தை மறைக்கிற நடுத் தகட்டைத் திறக்கவேண்டும். சுற்றுகிற கை நின்றால் படம் அந்த வெக்கைக்கு முன்னால் நின்றுவிடும். அந்தக் காலத்துப் பட நாடா கண் மூடித் திறப்பதற்குள் பற்றிவிடும், தண்ணி ஊற்றினாலும் அணையாது. அதனால் மூக்குக் கடித்தாலும் கை நிற்கக்கூடாது. தும்மலை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்றிய நாள்கள் பல.

எங்கள் மனேச்சர் செல்லையா நல்ல மனுஷன் என்று சொல்லத்தான் ஆசை. மண்டபத்தின் பின்சுவரோரம் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். திரையை ஒருநாளும் பார்க்கமாட்டார், சனத்தைத்தான் பார்ப்பார். எந்த இடத்தில் ஆட்கள் எழும்பி மூத்திரம் பெய்யப் போகிறார்களோ அந்த இடத்தில் குடையால் சுவரைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் கெதியாய்ச் சுற்று. மறுநாள் காலையில் கத்தரிக்கோலோடு மேலே வருவார்.

"நேற்று அந்த மலை வாற இடத்தில ஏழெட்டுப் பேர் எழும்பினவங்கள். மலையை வெட்டு."

"மலையை வெட்டினால் அவன் எங்கயிருந்து விழுகிறான் எண்டு விளங்காது ஐயா."

"விழுகிறதைப் பாத்தால் காணும். எங்கயிருந்து விழுந்தா உனக்கென்ன?"

இப்படி எத்தனை மலை, எத்தனை ஆறு, எத்தனை பெண்களின் யோசனை. படத்தை எடுத்தவன் அறிந்திருந்தால் கப்பலேறி வந்து அடித்திருப்பான். வெட்டிய துண்டுகளை நான் எறியவில்லை. திரும்பக் கொழும்புக்கு அனுப்பும்போது ஒட்டிவிடவேண்டுமே என்று ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு வைத்திருந்தேன்.

எனக்கு வாய்த்த இன்னொரு சோதனை வேலுப்பிள்ளை மாஸ்ரர். ஊமைப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் தகரக் குழலோடு நின்று கதையை விளக்கிச் சொன்னவர். படம் பேசத் தொடங்கியதும் அவருடைய வேலை போயிற்று. சண்டை வந்து அதைத் திருப்பிக் கொடுத்ததில் அவருக்கு இருந்த சந்தோஷம் அளவில்லை. எந்த நாட்டுப் பாஷை என்றாலும் மாஸ்ரருக்கு ஒன்றுதான், ஏனென்றால் ஒன்றுமே தெரியாது. ஒருத்தி வாயைத் திறந்தால் இவர் ஒரு பக்கம் வசனம் சொல்வார். ஒருவன் சும்மா நின்றாலும் "இவர் இப்போது மனதுக்குள் என்ன எண்ணுகிறாரென்றால்" என்று தொடங்கிவிடுவார். அமைதியான இடம் ஒன்று வந்தால் அதை நிரப்பாமல் விட அவரால் ஏலாது.

சஞ்சிகையில் கண்ட அந்த விளக்குக்காரியின் படம் வந்தது இந்த நிலவரத்தில்தான். தகரங்கள் எங்கோ உப்புத்தண்ணியில் நனைந்து வந்திருந்தன, ஒட்டிய கடதாசிகள் உரிந்துபோயிருந்தன. றீல்களின் தொடக்கத் துண்டுகளை முன்பு ஓட்டிய தியேட்டர்காரர்கள் வெட்டித் தின்றிருந்தார்கள். எது முதல், எது கடைசி என்று தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் றீல்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். ஒன்றில் ஒருவன் சிறு வள்ளத்தில் கடலுக்குப் போகிறான். ஒன்றில் புயல். ஒன்றில் ஒரு பெண் கரையில் காத்து நிற்கிறாள், இருட்டினால் ஜன்னலில் விளக்கு வைக்கிறாள், வருஷங்கள் போகின்றன. இன்னொன்றில் அவளுக்கும் அவனுக்கும் கலியாணம், ஊரே கூடி ஆடுகிறது.

"கலியாணம் கடைசி," என்றார் மனேச்சர். யோசிக்கக்கூட இல்லை.

"ஐயா, காத்து நிக்கிற றீலில அவளுக்குத் தலை நரைச்சிருக்கு. கலியாணத்தில கன்னங்கரேலெண்டு இருக்கு. அப்ப கலியாணம் முதலெல்லோ?"

"முதலிலயே கலியாணத்தைக் காட்டினால் மிச்சத்துக்கு ஆர் இருப்பினம்? கலியாணம் இல்லாமல் முடியிற படத்துக்கு நானும் டிக்கெற் வாங்கமாட்டன்."

உதவிக்கு மாஸ்ரரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கதையைக் கட்டிவிட்டார். "போனவன் திரும்பி வாறான், கலியாணம் நடக்குது. நரைக்கு நான் ஒரு வழி சொல்லுறன். அங்கத்தை நாட்டில மீனெண்ணெய் பூசினால் தலை கறுக்கும்."

அந்த மீனெண்ணெயை அவர் ஒவ்வொரு காட்சியிலும் குழலில் சொன்னார். ஒவ்வொரு தரமும் நான் மேலே நின்று பல்லை நெருமினேன்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கையால் சுற்றுகிறவனுக்கு ஒரு படம் கைக்குள்ளால் ஏறும். ஆட்கள் நடக்கிற நடை சரியாக வரும்படி சுற்றவேண்டும், அதற்குப் படத்தைக் கவனிக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருக்கும் றீலைச் சுற்றும்போது, நாடா பற்றிவிடாத அளவுக்கு என் கை தானாக மெதுவாகிவிடும். குடை தட்டும். நான் கேட்காத மாதிரிச் சுற்றுவேன். வேறு ஒரு படத்துக்கும் நான் அப்படிச் செய்ததில்லை. அந்தப் படத்தை ஒரு நாளாவது முழுசாக, சரியான ஒழுங்கில், அந்தக் குழல் இல்லாமல் ஓட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது.

இந்தப் படத்துக்கு விடாமல் வந்த ஒரு ஆள் பொன்னம்மாக்கா. பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கூடையோடு நடந்து வந்து, சந்தையில் விற்று முடித்துவிட்டு, வெறுங்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கத்து மர வாங்கில் இருப்பார். நான் அவர் வருகிற வழியிலுள்ள உப்புவெளிக்காரன் என்றபடியால் தெருவில் காணும்போது கதைப்போம். குண்டு விழுந்த கிழமை அவருடைய புருஷன் கடலுக்குப் போனவர், வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. உடம்பு கிடைக்காதவருக்குத் தருப்பைப் புல்லில் ஆள் செய்து எரித்துக் காரியம் முடிக்கிற முறை எங்களிடம் உண்டு. அதைச் செய்துவிட வேண்டும், பொட்டை அழித்துத் தாலியைக் கழற்ற வேண்டும் என்று புருஷனின் சகோதரங்கள் வீட்டில் நின்று நெருக்கினார்கள். இவர் மாட்டேன் என்றார். அதனால் வீட்டில் ஒருவரும் இவரோடு அன்பாகக் கதைப்பதில்லை.

மாஸ்ரர் குழலில் "தப்பி வந்துவிட்டான்! தாய்மாரே, சகோதரிகளே, அவன் தப்பி வந்துவிட்டான்!" என்று கத்துகிற இடத்தில் பொன்னம்மாக்கா முன்னால் சரிந்து இருப்பதை நான் துவாரத்தால் கண்டிருக்கிறேன். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு மாஸ்ரரின் குழலைப் பிடுங்கி எறியவேண்டும் போலிருக்கும். பொய்யைச் சொல்லி ஒரு பாவப்பட்ட பெண்ணை ஏமாற்றுகிறார்களே என்ற கோபம்.

அப்படியிருக்க ஒருநாள் காட்சி நடுவில், றீல் மாற்ற விளக்கைப் போட்டதும், நெடுத்த வெள்ளைக்காரக் கப்பல்காரன் ஒருவன் எழும்பிக் கூச்சல் போட்டான். சாராய வெறி என்று நினைத்து மனேச்சர் குடையோடு ஓடினார். அவன் அவரைத் தாண்டி நேரே என் அறைக்கு ஏறி வந்துவிட்டான். வெறியில்லை, கண் கலங்கியிருந்தது. நோர்வேக்காரன். படமும் அவனுடைய நாட்டுப் படம்தான். அந்த நாட்டை ஜேர்மன்காரன் பிடித்துவிட்டதால் அவனுக்குத் திரும்பிப் போக வழியில்லை, அவனுடைய கப்பல் எங்கள் துறைமுகத்தில் பழுது பார்க்க நின்றது. சின்ன வயதில் தாயோடு இருந்து இந்தப் படத்தைப் பார்த்தவனாம். அவனுக்கும் எனக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் இவ்வளவும் விளங்கியது. கலியாண றீலைத் தூக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தான். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் அன்றே சொன்னேனே என்று யாரிடம் சொல்வது!

மனேச்சர் வழக்கம்போல ஏலாது என்றார். தன் கப்பல் ஆட்கள் எல்லாரையும் முன்வரிசைக்குக் கூட்டிவருகிறேன் என்று அவன் சொன்னதும் ஏலும் என்றார். மாஸ்ரருக்கு அன்றைக்கு ஓய்வு. அவர் தகரக் குழலைத் துணியில் சுற்றிக்கொண்டு, என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். நான் பிஸ்கற் தகரத்தைத் திறந்தேன். இந்தப் படத்திலிருந்து மனேச்சர் வெட்டுவித்ததை ஒவ்வொரு துண்டாக ஓரம் சுரண்டி, பசை தடவி, இடம் பார்த்து ஒட்டினேன். குனிந்து குனிந்து முதுகு போயிற்று. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு இந்த வேலையில் எரிச்சல் இல்லாமல் இருந்தது.

படம் ஓடியது. முதலில் கலியாணம், பிறகு கடல், பிறகு புயல், கடைசியாக அந்த நீண்ட காத்திருப்பு. அவன் வரவில்லை. அவள் நரைத்த தலையோடு விளக்கை ஜன்னலில் வைக்கிறாள், அத்தோடு முடிகிறது. கப்பல்காரர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றார்கள். அந்த நெடுத்தவன் மேலே வந்து என் கையைப் பிடித்து, கரி பூசியிருந்ததையும் பாராமல், இரண்டு கையாலும் குலுக்கினான். நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். உலகத்தில் எங்கோ ஒருவன் உயிரைக் கொடுத்து எடுத்த படத்தை இந்த ஊரில் நான் காப்பாற்றினேன் என்ற எண்ணம்.

கீழே இறங்கினால் படிக்கட்டடியில் பொன்னம்மாக்கா நின்றார். அன்றைக்கும் வழக்கம்போல வந்திருக்கிறார். என் வெற்றியில் அவரை நான் மறந்தே போனேன்.

"தம்பி, ஏன் இண்டைக்கு மாத்திப் போட்டனீங்கள்?"

"இதுதான் அக்கா சரியான ஒழுங்கு. இவ்வளவு நாளும் பிழையாப் போட்டு உங்களை ஏமாத்திப் போட்டினம். மாஸ்ரர் சொன்னதெல்லாம் பொய்."

அவர் கூடையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். கோபப்படவில்லை. என்னை ஒரு விளங்காத ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"நரைச்ச தலை திரும்பக் கறுக்காது எண்டு எனக்குத் தெரியாதே தம்பி? மீன் விக்கிற எனக்கு மீனெண்ணெய்க் கதையோ? முதல் நாளே தெரியும், அந்தக் கலியாணம் முன்னுக்கு நடந்தது எண்டு."

"அப்ப ஏன் அக்கா ஒவ்வொரு நாளும் வாறனீங்கள்?"

"சரியான ஒழுங்கை வீட்டில எல்லாரும் எனக்குச் சொல்லீனம். காலமையும் சொல்லீனம், பின்னேரமும் சொல்லீனம். இஞ்ச ஒரு இடத்திலதான் அதை மாத்திச் சொன்னவை. நாளைக்குப் பழைய மாதிரிப் போடுங்கோ, என்ன?"

ஓம் என்று தலையாட்டினேன் போல. மறுநாள் கலியாண றீலை எடுத்துக் கடைசியில் வைத்தேன். மனேச்சர் பார்த்துவிட்டு, "இப்பவாவது புத்தி வந்துதே," என்றார். அந்தக் குடையைப் பிடுங்கி அவருடைய தலையில் போடலாமா என்று இருந்தது. மாஸ்ரர் தன் மீனெண்ணெயோடு திரும்பி வந்தார். அந்த வசனத்தை நான் அதன்பிறகும் பல்லை நெருமிக்கொண்டுதான் கேட்டேன், ஆனால் குழலைப் பிடுங்க நினைக்கவில்லை. அந்த நெடுத்தவன் இதைக் கண்டால் என்ன சொல்வானோ என்று பயமாக இருந்தது. நல்லகாலம், அவனுடைய கப்பல் புறப்பட்டுவிட்டது.

இப்படிப் படம் பிழையான ஒழுங்கிலேயே ஓடியது. சனம் குறையக் குறைய மனேச்சர் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்போவதாகச் சொல்லத் தொடங்கினார். அந்த நாள்களில் ஒரு பின்னேரம், காட்சி தொடங்க முன்னமே பொன்னம்மாக்கா படியேறி மேலே வந்தார். பெண்கள் மெசின் அறைப் பக்கம் வருவதில்லை. வாசலிலேயே நின்றார்.

"தம்பி, நாளைக்கு வீட்டில காரியம். நான்தான் சொன்னனான், செய்யுங்கோ எண்டு."

நான் கரிக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய நெற்றியில் பொட்டு இருந்தது.

"இண்டைக்கு அதைச் சரியான ஒழுங்கில போட ஏலுமோ? அந்த மாஸ்ரரையும் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கோ."

மனேச்சரிடம் நான் கேட்கவில்லை. மாஸ்ரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். என்னோடு சண்டைக்கு நிற்பார் என்று பார்த்தால், அந்த மனுஷன் குழலைத் திரைக்குப் பின்னால் சாத்திவிட்டு, பெண்கள் பக்கம் பாராமல், ஆண்கள் வாங்கின் மூலையில் போய் இருந்துவிட்டார். அவர் வாயை மூடிக்கொண்டு பார்த்த ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும்.

கலியாணத்தோடு தொடங்கினேன். மனேச்சரின் குடை அப்போதே சுவரில் இடித்தது. கடல் வந்தது, புயல் வந்தது. கடைசி றீலை மாட்டும்போது வழக்கமான ஒரு சுற்றுக்குப் பதில் விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அவள் கரையில் நின்றாள். என்னால் எவ்வளவு மெதுவாக ஏலுமோ அவ்வளவு மெதுவாகச் சுற்றினேன். தகட்டில் வெக்கை ஏறியது, தோள் கழன்று விழும் போலிருந்தது, குடை ஓயாமல் தட்டியது. தட்டட்டும் என்று விட்டேன். துவாரத்தால் கீழே பார்த்தேன். பொன்னம்மாக்கா சரிந்து இருக்கவில்லை. கூடையை மடியில் வைத்து, நிமிர்ந்து இருந்தார். திரையில் அவள் ஜன்னலில் விளக்கை வைத்தாள். படம் முடிந்தது.

செயலாளர் தம்பி, அதை ரசித்தவர்கள் யாரும் இருந்தார்களா என்று கேட்டீர்கள். சனம் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனது. மனேச்சர் "கடைசியில எங்கயடா கலியாணம்?" என்று கத்திக்கொண்டு படியேறினார். பொன்னம்மாக்கா எல்லாரும் போகும்வரை இருந்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு என் துவாரத்துக்கு நேரே கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல படம் தம்பி," என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சல்லிக்கு நடந்தார்.